உச்சியில் என்ன இருக்கிறது என்று கேட்ட லரீபா

பதுளை பஸார் தெருவில் குடையும் கம்பளியும் விற்ற தாஸிமின் மனைவி லரீபா, வீட்டை விட்டு அதிகம் வெளியே போனவள் அல்ல. போனால் உம்மாவின் வீடு, கல்யாண வீடு, மௌத்து விழுந்த துக்க வீடு. ஆனால் ஜப்பானில் ஒரு பள்ளி ஆசிரியருக்கும், கேப்டவுனில் ஒரு மருந்துக்கடைக்காரருக்கும், நியூசிலாந்தில் ஆடு வளர்க்கும் ஒரு பெண்மணிக்கும் அவளுடைய கையெழுத்து தெரியும். அவர்கள் எல்லோரும் அவளுக்கு மலைப் படம் போட்ட தபாலட்டை அனுப்புகிறவர்கள். படம் வந்து சேர்ந்ததும் நன்றி சொல்லி எழுதுவாள். கூடவே ஒரு கேள்வியும் எழுதுவாள்: "தயவுசெய்து அறியத்தரவும்: அந்த மலையின் உச்சியில் என்ன இருக்கிறது?"

"தயவுசெய்து அறியத்தரவும்" என்பது அவளுடைய வாப்பாவிடமிருந்து வந்தது. வாப்பா மொஹிதீன், பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடையே ஓடிய தபால் கோச்சு வண்டிக்குச் சீட்டுக் கொடுத்தவர். தொழிலுக்கு வேண்டிய இங்கிலீஷை எப்படியோ கற்றுக்கொண்டார். வீட்டில் சும்மா இருந்த மகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார். பாடப்புத்தகம் என்று ஒன்றும் கிடையாது. ரயில் நேர அட்டவணையும், கோச்சுக் கம்பெனியின் அறிவித்தல்களும்தான். அதனால் லரீபாவின் இங்கிலீஷ் கடைசிவரை ஒரு ஸ்டேசன் மாஸ்டரின் இங்கிலீஷாகவே இருந்தது.

முதல் அட்டை 1906இல் வந்தது. அவளுடைய நானா ஷுக்ரி கொழும்புத் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கடையில் வேலை செய்தார். கப்பலில் வந்த ஒரு வெள்ளைக்காரர் கடையில் விட்டுப்போன அட்டையைத் தங்கச்சிக்கு அனுப்பிவைத்தார். சுவிட்சர்லாந்து மலை. அடியில் மரவீடுகள், மேலே போகப் போக வெறும் வெள்ளை. இது என்னவென்று வாப்பாவிடம் கேட்டாள்.

"ஐஸ்" என்றார் வாப்பா.

"ஆலங்கட்டி மழை பேஞ்சா இங்கயும் கிடக்கும். ஒரு நாழியில கரைஞ்சு போயிருமே?"

"அங்க கரையாதாம்."

"அப்ப மேல என்ன இருக்கு? ஐஸுக்கு அடியில?"

வாப்பாவுக்குத் தெரியவில்லை. தெருவில் யாருக்கும் தெரியவில்லை. கடைக்குப் பழைய பேப்பராக வந்த லண்டன் சஞ்சிகை ஒன்றின் கடைசிப் பக்கத்தில், தபாலட்டை மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களின் விலாசங்கள் இருப்பதைக் கண்டது அதற்குப் பிறகுதான். அந்த விலாசங்களுக்கு எழுதத் தொடங்கினாள். பெண் பெயரில் எழுதினால் என்ன வருமோ என்று தாஸிம் பயந்ததால், 'எஸ். எல். தாஸிம்' என்று கையெழுத்துப் போட்டாள். பதில்கள் 'அன்புள்ள ஐயா' என்று வந்தன. அவற்றைத் தாஸிமுக்கு வாசித்துக் காட்டும்போது அந்த 'ஐயா'வில் கொஞ்சம் அழுத்தம் கொடுப்பாள்.

பதில்கள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. வேல்ஸ் நாட்டு மலையின் உச்சியில் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, அதுவரை ரயில் போகிறது என்று ஒருவர் எழுதினார். கேப்டவுன்காரர், தன் மலை மேசைபோலத் தட்டையானது, மேசையின்மேல் மழைத்தண்ணீர் நிற்கிறது என்றார். ஜப்பான் ஆசிரியர் ஃபூஜி மலையின் உச்சியில் ஒரு தபாற் கந்தோர் இருப்பதாக எழுதினார். அதை எழுதிய அட்டையையே அந்தக் கந்தோரில்தான் போட்டிருந்தார். அன்றைக்கு லரீபாவைவிடத் தாஸிமுக்குத்தான் சந்தோஷம். முத்திரைமேல் விழுந்திருந்த கறுப்பு வட்டத்தைச் சாளரத்து வெளிச்சத்தில் வைத்து வைத்துப் பார்த்தார்.

மனைவிக்கு மலை என்றால் தாஸிமுக்கு முத்திரை. அட்டைகள் வர ஆரம்பித்த பிறகு பிடித்த பைத்தியம் அது. கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, மூக்கிலிருந்து வரும் ஆவியில் அட்டையைக் காட்டி, விரல் நுனியால் முத்திரையை உரித்தெடுப்பார். விலாசப் பக்கத்தில் முத்திரை இருக்கும்வரை வீட்டில் சண்டை இல்லை. சில நாட்டுக்காரர்களுக்கு மட்டும் படத்தின்மேலேயே முத்திரையை ஒட்டுகிற வழக்கம் இருந்தது. மலைக்குப் பக்கத்து வானத்தில் ஒரு ராசாவின் தலை நிற்கும்.

"இதை எடுத்தா வானத்துல ஓட்டை விழும்" என்பாள் லரீபா.

"வானம்தானே, மலையில்லையே" என்பார் அவர்.

நியூசிலாந்திலிருந்து வந்த அட்டைதான் இந்த வழக்கின் உச்சம். படத்தில் குக் மலை. ஒட்டியிருந்த இரண்டு பச்சை முத்திரைகளிலும் அதே குக் மலை. மலை என்பதால் எனக்கு என்றாள் அவள். முத்திரை என்பதால் எனக்கு என்றார் அவர். கடைசியில் ஆடு வளர்க்கும் பெண்மணிக்கே விஷயத்தை எழுதிக் கேட்டார்கள். அவள் இன்னொரு சோடி முத்திரையைத் தனியாக அனுப்பினாள். உச்சியைப் பற்றிய கேள்விக்கு அவள் எழுதிய பதில்: "போய்த் திரும்பியவர்கள் மிகச் சிலர். அவர்களைக் கண்டால் கேட்டுச் சொல்கிறேன்."

திருப்பி அனுப்ப லரீபாவிடம் மலை அட்டை இருக்கவில்லை. கொழும்பில் அச்சடித்து வந்தவற்றில் கண்டி ஏரி இருந்தது, துன்ஹிந்தை நீர்வீழ்ச்சி இருந்தது. அவளுடைய வீட்டு முற்றத்தில் நின்றால் எதிரே தெரிகிற நமுனுகுல மலையை யாரும் அச்சடிக்கவில்லை. எனவே வெற்று அட்டை வாங்கி, முற்றத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, மலையின் விளிம்பைத் தானே மையால் வரைந்தாள். ஒரே கோடு. இடமிருந்து வலமாக ஏறி இறங்கும். கீழே, "இந்தப் பெயருக்குச் சிங்களத்தில் ஒன்பது சிகரம் என்று அர்த்தம்" என்று எழுதுவாள்.

1911ஆம் வருஷக் கடைசியில் ஆஸ்திரியா தேசத்திலிருந்து ஒரு பதில் வந்தது. எழுதியவர் பெயர் ஆலோயிஸ். டிரோல் என்ற மலைநாட்டில், ஷ்லெர்ன் என்கிற மலையின் அடிவாரத்துச் சிற்றூரில் கடிகாரம் பழுதுபார்ப்பவர். வேனிலில் வரும் இங்கிலீஷ்காரப் பயணிகளின் சட்டைப்பைக் கடிகாரங்களைத் திறந்து மூடி அவர்களுடைய பாஷையைக் கற்றவர். அவர் எழுதியிருந்தார்: "ஐயா, உங்கள் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்பது சிகரம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வரைந்திருப்பது ஏழு. மற்ற இரண்டும் எங்கே? உங்கள் மலையின் உச்சியில் என்ன இருக்கிறது?"

லரீபா முற்றத்துக்குப் போய் எண்ணினாள். ஏழுதான். மறுநாள் காலையில் எண்ணினாள். மேகம் இருந்ததால் ஐந்து. இத்தனை வருஷமாக அத்தனை பேரையும் கேட்டவளை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. இப்போது ஒருவர் கேட்டுவிட்டார். தெரியாது என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை.

"நமுனுகுலைக்குப் போகணும்" என்றாள் தாஸிமிடம்.

"யாரு?"

"நான்தான்."

"ஆக்கள் என்ன சொல்லுவாங்க? கடைக்காரன்ட பொஞ்சாதி காட்டுல ஏறுறாண்டு சொல்லமாட்டாங்களா?"

"நீங்களும் வந்தா கடைக்காரனும் பொஞ்சாதியும்னு சொல்லுவாங்க."

மூன்றாம் நாள் தாஸிம், மலை ஏறுவதற்குத் தடித்த செருப்பு எங்கே கிடைக்கும் என்று பக்கத்துக் கடையில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

நமுனுகுலையின் சரிவில்தான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டம் இருந்தது. வெளியாட்கள் நினைத்தபடி தோட்டத்துக்குள் நுழைய முடியாது. ஆனால் அங்கே கங்காணியாக இருந்த ராமாமிர்தம், தன் ஆட்களுக்கு வருஷா வருஷம் தாஸிம் கடையில்தான் கம்பளி எடுப்பார். துரையிடம் சொல்லிவைப்பது அவருடைய பொறுப்பாயிற்று. வழிகாட்ட ஓர் ஆளையும் அனுப்புவதாகச் சொன்னார். அந்த ஆள் பெரியாயி.

பெரியாயி கொழுந்து பறிப்பவள். நாற்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனுக்கு வரும்போது கடைக்கும் வருவாள் என்பதால் லரீபாவுக்கு முகம் தெரியும். மழை குறைந்த பெப்ரவரி மாதத்தில், மகள் ஸகீனாவை உம்மாவிடம் விட்டுவிட்டு, லரீபாவும் தாஸிமும் கூண்டு வண்டியில் ஸ்பிரிங்வெளிக்குப் போய், ஒரு ராத்திரி கங்காணி வீட்டில் தங்கி, விடிந்ததும் புறப்பட்டார்கள்.

"மேல போயிருக்கியா பெரியாயி?" என்று லரீபா கேட்டாள்.

"ஒரே தடவ போனேம்மா. எங்க செவல மாடு காணாமப் போயிருச்சு. மூணு நாள் தேடுனோம். கடைசியில பாத்தா, மேல பத்தனைப் புல்லுவெளியில நின்னு மேயுது. வாடின்னா வரமாட்டேங்குது."

"உச்சியில என்ன இருந்துச்சு?"

"அதான் சொன்னேனே, மாடு."

தேயிலை முடிந்த இடத்தில் காடு தொடங்கியது. இலைகள் ஊறிக்கிடந்த தரை மெத்தைபோல அமுங்கியது. கொஞ்ச தூரம் போனதும் தாஸிம் "அல்லாஹ்!" என்று காலை உதறினார். கணுக்காலில் இரத்தம் வழிந்தது. அட்டைகள். செருப்புக்குள் நாலைந்து, காற்சட்டைக்குள் ஒன்று.

"வீட்டுல நீ சேத்து வச்சிருக்கிற அட்டை போதாதுண்டா இங்க கூட்டி வந்தே?" என்றார் மனைவியைப் பார்த்து.

லரீபா ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியாயிக்கு எதற்கு இந்தச் சிரிப்பு என்று புரியவில்லை. தான் கொண்டுவந்த தேசிக்காயை வெட்டி, புளிப்புச் சாறு வழியக் கடை முதலாளியின் காலில் தேய்த்துவிட்டாள். அட்டைகள் சுருண்டு விழுந்தன.

ஏற ஏற, முற்றத்திலிருந்து லரீபா ஒரே சிகரமாக வரைந்தது இரண்டாகப் பிரிந்தது. நடுவில் மரங்கள் நிறைந்த ஒரு பள்ளம் இருந்தது. "எட்டு" என்று சத்தமாகச் சொன்னாள். ஒன்பதாவதைத் தேடிக்கொண்டே நடந்தாள். பெரியாயியிடம் கேட்டதற்கு, "எங்க லயத்து வீட்டுப் பக்கமிருந்து பாத்தா நாலுதாம்மா தெரியும். நாங்க எண்ணுனதில்ல" என்றாள்.

உச்சியை அடைந்தபோது மஞ்சு மூடியிருந்தது. அங்கே மரங்கள் எல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் வளராமல், முறுக்கிக்கொண்டு, கிளைகளிலிருந்து பாசி தாடி தாடியாகத் தொங்க நின்றன. கறுத்த இலைகளுக்கு நடுவே சிவப்பாகப் பெரிய பூக்கள். ஒரு குட்டை. அதன் கரைச் சேற்றில் மரைமானின் குளம்புத் தடம், இன்னும் தண்ணீர் ஊறாத புதுத் தடம். ஜப்பானைப்போலத் தபாற் கந்தோர் இல்லை. வேல்ஸைப்போலச் சாப்பாட்டுக் கடை இல்லை. லரீபா ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாள். பாசியைத் தொட்டாள். குட்டைத் தண்ணீரை உள்ளங்கையில் எடுத்துக் குடித்துப் பார்த்தாள். அதில் இலையின் ருசி இருந்தது.

தாஸிம் ஒரு கல்லில் உட்கார்ந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "பாத்தாச்சா? போவமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போது காற்று வந்து மஞ்சை ஒரு பக்கமாகத் தள்ளியது. கீழே பதுளை தெரிந்தது. ஆறு தெரிந்தது. தெருக்கள் ஈர்க்குச்சி போலக் கிடந்தன. தன் வீட்டைத் தேடினாள்; கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பித் தெற்கே பார்த்தபோது, மலைகள் தீர்ந்துபோய்த் தரை தட்டையாகிக் கடைசியில் ஒரு வெளிர்நீலக் கோடு.

"அது என்ன, கடலா?"

தாஸிம் எழுந்து வந்து பார்த்தார். பெரியாயியும் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"வானமா இருக்கும்மா" என்றாள்.

"கடல்தான்" என்றார் தாஸிம்.

இரண்டுமாக இருக்கலாம் என்று நினைத்தாள் லரீபா. அதற்குள் மஞ்சு மூடிவிட்டது.

ஆலோயிஸுக்கு அவள் எழுதிய பதில் ஒரு அட்டைக்குள் அடங்கவில்லை. நான்கு அட்டைகளில் ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டு எழுதினாள். எட்டுச் சிகரம் கண்டேன், ஒன்பதாவது அகப்படவில்லை. உச்சியில் பாசி, சிவப்புப் பூ, மரையின் தடம், ருசியுள்ள தண்ணீர். தூரத்தில் கடல் அல்லது வானம். நான்காவது அட்டையின் அடியில், முதன்முறையாக, 'லரீபா, தாஸிமின் மனைவி' என்று கையெழுத்திட்டாள். இத்தனை தூரம் நடந்த கால்களுக்கு வேறொருவர் பெயரைப் போடுவது சரியாகப் படவில்லை.

ஆலோயிஸின் பதில் வர மாதங்கள் ஆயின. "அம்மணி" என்று தொடங்கியது அது. "நான் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். ஐம்பத்திரண்டு வருஷமாக ஷ்லெர்ன் மலையின் அடியில் வாழ்கிறேன். உச்சிக்குப் போனதில்லை. அங்கே சூனியக்காரிகள் கூடுவார்கள் என்று என் தாய் சொல்லி வளர்த்தாள். பயம் போய் வெகுகாலமாயிற்று. போகாத பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. உங்கள் நான்கு அட்டைகளையும் கடையில் வைத்துப் பலருக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு கடையில் இருக்க வெட்கமாக இருந்தது. போன வாரம் கடையைப் பூட்டிவிட்டு ஏறினேன். மேலே சூனியக்காரிகள் இல்லை. பசுமாடுகள் இருந்தன. கழுத்தில் மணி கட்டிய பசுமாடுகள்."

லரீபா இதைப் பெரியாயிக்குச் சொல்வதற்காக ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருந்தாள்.

"அங்கயும் மாடா?" என்றாள் பெரியாயி. "வாடின்னா வந்துச்சாமா?"

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஷ்லெர்னுக்கும் பதுளைக்கும் நடுவே அட்டைகள் ஓயாமல் போய்வந்தன. ஆலோயிஸ் ஒவ்வொரு வேனிலிலும் ஏறினார். ஒரு முறை உச்சியில் பறித்த சிறிய பூ ஒன்றை அட்டையில் ஒட்டி அனுப்பினார். தாஸிமின் முத்திரைப் புத்தகத்தில், கன்னத்து மீசை வைத்த ஆஸ்திரியக் கிழச் சக்கரவர்த்தி ஒரு பக்கம் முழுக்க நிறைந்துவிட்டார்.

1914 ஆவணியில் லரீபா போட்ட அட்டை ஒரு வாரத்தில் அவளிடமே திரும்பி வந்தது. ஆஸ்திரியாவுக்குத் தபால் இல்லை என்று மேலே அடித்திருந்தது. யுத்தம் தொடங்கியிருந்தது; அந்த நாட்டுக்காரர்கள் இப்போது இங்கிலீஷ் ராசாவின் எதிரிகள். அடுத்த வருஷம் கலவரம் மூண்டு, ஊரிலே ராணுவச் சட்டம் வந்தது. யார் யாருடைய வீட்டையோ சோதனை போடுகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. தாஸிம் பயந்துவிட்டார்.

"எதிரி நாட்டுக் கடுதாசி வீட்டுல இருந்தா சும்மா விடுவாங்களா? எரிச்சுப் போடு லரீபா."

"இதுல என்ன இருக்கு? மாடும் மணியும்தானே?"

"வாசிக்கிறவனுக்கு அது எந்த மணின்னு யாரு சொல்லுறது?"

அவள் எரிக்க மாட்டேன் என்றாள். அவர் கோபமாக எழுந்து போனார். மறுநாள் பார்த்தால் குடை வந்த நீள அட்டைப்பெட்டியில் அடுக்கிவைத்திருந்த ஷ்லெர்ன் அட்டைகளைக் காணவில்லை. லரீபா சாப்பிடாமல் கிடந்தாள். கடையைப் பூட்டிவிட்டு வந்த தாஸிம் அவளைத் திரும்பக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், அடியில் கிடந்த கம்பளிக் கட்டு ஒன்றைக் காட்டினார். சாக்கூசியால் அதன் வாயைத் தானே தைத்திருந்தார்.

"இந்தக் கட்டை நான் விக்கமாட்டேன்" என்றார்.

யுத்தம் முடிந்த பிறகும் அவள் எழுதிப் பார்த்தாள். ஒன்று திரும்பி வந்தது. மற்றொன்று திரும்பியும் வரவில்லை. 1921இல் ஒரு நாள், தபால்காரர் கொண்டுவந்து போட்ட கட்டுக்குள் ஒரு மலை இருந்தது. பார்த்த மாத்திரத்தில் அது ஷ்லெர்ன் என்று அவளுக்குத் தெரிந்தது. தட்டையான முதுகு, ஓரத்தில் பிரிந்து நிற்கும் கூர்ப்பாறை, கீழே கிறிஸ்தவக் கோயில் கோபுரம். ஆனால் படத்தின் அடியில் வேறு பெயர் அச்சாகியிருந்தது. 'ஷிலியார்' என்று ஏதோ.

தாஸிம் முத்திரையைப் பார்த்துவிட்டு, "இது ஆஸ்திரியா இல்ல" என்றார். "இது இத்தாலி ராசா."

"அவர் வீடு மாறிட்டாரோ?"

தைத்த கட்டைப் பிரித்துப் பழைய அட்டை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள். அதே மலை. அதே பாறை. கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்ற மரம்கூட அதேதான், கொஞ்சம் பெருத்திருந்தது. பிறகுதான் எழுத்தை வாசித்தாள். ஆலோயிஸின் கை முன்போல் நேராக ஓடவில்லை.

"அம்மணி, நான் எங்கும் போகவில்லை. மலையும் போகவில்லை. நாடுதான் எங்களைவிட்டு நகர்ந்து போய்விட்டது. சண்டைக்குப் பின் எல்லைக் கோட்டை வேறிடத்தில் போட்டார்கள். நான் இப்போது இத்தாலிக்காரன். அந்தப் பாஷை எனக்குத் தெரியாது. மலைக்கும் புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள். முழங்கால் முடியாததால் ஏறுவதில்லை. மாடுகள் இன்னும் போகின்றன. அவற்றுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை போலும். உங்கள் மலை இப்போதும் அதே நாட்டில்தான் இருக்கிறதா?"

தாஸிமுக்கு இத்தாலி ராசாவின் மீசை பிடித்திருந்தது. கெண்டியை அடுப்பில் வைக்கப் போனார். லரீபா அட்டையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒரு நாடு நகர்ந்துபோவது எப்படி இருக்கும் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காலையில் எழுந்து கதவைத் திறந்தால் தெரியுமா? பால்காரர் வந்து சொல்வாரா?

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியாயி கடைக்கு வந்தாள். மகள்வழிப் பேரனுக்குச் சின்னக் கம்பளி வேண்டும் என்றாள். லரீபா அவளை உள்ளே கூப்பிட்டு, அட்டையை வாசித்து, அர்த்தம் சொன்னாள்.

பெரியாயி அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆளு அங்கயே நின்னு நாடு நகந்துச்சாம்மா? எங்களுக்கு அப்படியே தலைகீழா இருக்கே. நாங்கதான் நகந்து வந்தோம். நாடு அங்கயே நின்னுக்கிச்சு."

"உங்க ஊரு எது?"

"எங்கப்பன் ஊரு திருச்சிப் பக்கம். நான் இடுப்புல இருந்தேனாம். தோணியேறி, மன்னாருல எறங்கி, காட்டுக்குள்ளயே நடந்து வந்தாங்களாம்."

"அங்க மலை இருக்கா?"

"மலையெல்லாம் இல்லம்மா. ஒரு கரடு இருந்துச்சுன்னு அப்பன் சொல்லும். மொட்டைக் கரடு. வெயிலு காலத்துல தொட்டா சுடுமாம்."

கம்பளியைக் கட்டிக்கொண்டிருந்த தாஸிம் கையை நிறுத்தினார். அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். லரீபா பாயை விரித்து, "உக்காரு பெரியாயி" என்றாள். பெரியாயி கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். கரட்டுக்குக் கிழக்கே ஏரி, ஏரிக்கரையில் புளியமரம் என்று, தன் நினைவிலேயே இல்லாத ஊரை அவள் சொல்லத் தொடங்கினாள். வண்டிக்குப் போக நேரமாயிற்று என்று வெளியே யாரோ கூப்பிட்டார்கள். "நீங்க போங்க, நான் நடந்து வாரேன்" என்று உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தாள் பெரியாயி.